தாள்மடலும் பூட்டிய கைப்பேசியும்

புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய மடல்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் பெயரில் நூலாகியுள்ளன. சிறுகதைகளில் உலகை எள்ளி நகையாடிய அதே பேனா, ஈண்டுப் பிரிவையும் வறுமையையும் பேசிக் குழைகின்றது. 1948இல் மறைந்த அவர், இவற்றை அச்சேற்றும் எண்ணத்துடன் எழுதினார் என்று கொள்வதற்கில்லை. எனினும் அவரை முழுமையாக உணர விழையும் மாணவர்க்கு இந்நூல் இன்றியமையாதது.

அம்மடல்கள் தாளில் இருந்தன, தப்பின. இன்று ஜொகூரில், சிகாமட்டிலோ குளுவாங்கிலோ வாழும் எழுத்தாளர் ஒருவர் காலமானால் எஞ்சுவது யாது? 'தமிழ் நேசன்' நாளிதழுக்குக் கதை அனுப்பிய தலைமுறையினர் வீட்டு அலமாரியில் ஒரு கையெழுத்துப் படியேனும் கிடக்கக்கூடும். (அந்நாளிதழே 2019இல் நின்றுபோயிற்று.) இன்றைய எழுத்தாளரின் வரைவுகள், நண்பரோடு நிகழ்த்திய இலக்கியப் பூசல்கள், பேரனுக்கு அனுப்பிய குரற்பதிவு யாவும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிடுகின்றன. கடவுச்சொல்லோ அவரோடு போய்விடுகின்றது.

கைப்பேசி பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும். உள்ளிருப்பவை பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களின் விதிக்குக் கட்டுப்பட்டவை. முகநூல் 2015 முதல், இறந்தவர் கணக்கைப் பேணுவதற்கு ஒருவரை முன்கூட்டியே நியமிக்க இடந்தருகின்றது. ஆயினும் அவர் தனிமடல்களைப் படிக்க இயலாது. கூகுளில் 2013 முதல் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆனால் ஈராண்டு தொடப்படாத தனியார் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அந்நிறுவனம் அழிக்கவும் தலைப்பட்டது.

பூட்டுகளை உடைத்துவிடலாம் என்பார் காஃப்காவைச் சான்று காட்டுவர். தம் எழுத்துகளை எரித்துவிடுமாறு அவர் வேண்டியிருந்தும், 1924இல் அவர் மறைந்தபின் நண்பர் மாக்ஸ் பிராட் அவற்றை வெளியிட்டார். உலக இலக்கியம் செழித்தது. இச்சான்று இங்கு முழுதும் பொருந்தாது. காஃப்காவின் கையெழுத்துப் படிகள் அவருடைய ஆக்கங்கள். கைப்பேசியில் கிடப்பவற்றிற் பாதி, பிறர் எழுதியவை. ஆசிரியராகவும் இருந்த எழுத்தாளரிடம், வீட்டுத் துன்பத்தை நள்ளிரவில் எழுதியனுப்பிய மாணவி இன்னும் உயிரோடிருப்பாள். அவளுடைய சொற்களை வெளியிட ஆசிரியரின் மகனுக்கு என்ன உரிமை? கமலாவுக்கு வந்த மடல்களில் பேசியவர் ஒருவரே. கைப்பேசியிலோ பலர் பேசுகின்றனர்.

ஆதலின் வரைவுகளும் நாட்குறிப்புகளும் காக்கப்பட வேண்டும். உரையாடல்கள் மறுதரப்பினர் இசைந்தாலன்றி வெளிவரலாகாது. இவ்விரண்டையும் பிரித்து வைக்கக்கூடியவர் எழுத்தாளர் ஒருவரே, அதுவும் உயிரோடிருக்கும்பொழுதே. எழுத்தாளர் சங்கங்கள் உறுப்பினரிடம் வாழ்க்கைக் குறிப்பு வாங்கும்போதே, வரைவுகள் எவர் பொறுப்பில் விடப்படும் என்றும் கேட்டு எழுதி வாங்கலாம். அமங்கலம் என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். காப்புறுதிப் படிவத்தில் வாரிசின் பெயரை எழுதும்போது அவர்கள் சுளிப்பதில்லை.