டிரைவரோடு முடியாத வேலை

விமானங்கள் தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அறிவித்தபடி பறக்கின்றன. அந்த அறிவிப்பைப் பிரித்துப் படிக்கும் டம்ப்1090 நிரலை 2012-இல் எழுதியவர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ. ரெடிஸ் என்ற தரவுத்தளத்தைத் தந்த அதே இத்தாலியர். டிவி பார்ப்பதற்கென்று செய்த மலிவான ஆர்டிஎல் டாங்கிளை மனத்தில் வைத்தே எழுதினார். இதை வேறு ரிசீவருக்கு மாற்ற டிரைவரை மாற்றினால் போதும் என்றுதான் தோன்றும். நிரலைத் திறந்தால் அந்த நினைப்பு போய்விடும்.

இந்தச் செய்திகளில் ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோநொடி. துடிப்பு முன்பாதியில் வந்தால் 1, பின்பாதியில் வந்தால் 0. நொடிக்கு 20 லட்சம் மாதிரி எடுத்தால் அரை பிட்டுக்குச் சரியாக ஒன்று விழும். அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டாலே விடை. டாங்கிள் தருவது 0 முதல் 255 வரையான எண்கள் மட்டுமே என்பதால், மாதிரியின் வீச்சளவைத் தரும் வர்க்கமூலக் கணக்குக்குப் பதில் 129-க்கு 129 அட்டவணை ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அழகான சிக்கனம்தான். ஆனால் டாங்கிளின் இயல்பு கணக்குக்குள்ளேயே ஊறிவிட்டது. ஹேக்ஆர்எஃப் என்ற ரிசீவர் தருவதும் 8 பிட்தான், ஆனால் -128 முதல் 127 வரை. அப்படியே ஊட்டினால் குப்பைதான் வரும். பிளேடுஆர்எஃப் என்ற இன்னொரு ரிசீவரின் 12 பிட் அந்த அட்டவணையில் அடங்கவே அடங்காது.

குறுக்குவழி ஒன்று உண்டு: புது ரிசீவரை ஆர்டிஎல் டாங்கிள் போலவே பேசவைப்பது. 14 பிட் ரிசீவர் அந்த வேடத்தில் 8 பிட்டாகச் சுருங்கும். கூடுதல் காசு கொடுத்தது வீண். சோப்பி எஸ்டிஆர் என்ற பொது அடுக்கு இதைவிட நேர்மையானது. ஆர்டிஎல்_433 போன்ற நிரல்களுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் கெயினில் தடுமாறும். ஹேக்ஆர்எஃபில் ஒரு பெருக்கி 8 டெசிபெல் படியிலும் இன்னொன்று 2 டெசிபெல் படியிலும் நகரும். ஒரே எண்ணைக் கொடுத்தால் எதற்கு எவ்வளவு என்பதைப் பொது அடுக்கே ஊகிக்கிறது. சிக்னல் மிக வலுவாக வரும் விமான நிலையத்தின் அருகில் வசிப்பவருக்கு அந்த ஊகம் சரிப்படாமல் போகலாம்.

ஃபிளைட்அவேர் நிறுவனம் பராமரிக்கும் டம்ப்1090 கிளையையே நான் முன்வைப்பேன். அதில் ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிக் கோப்பு. அதைவிட முக்கியம், எந்த வடிவில் எண் வந்தாலும் 16 பிட் வீச்சளவாக மாற்றித் தரும் ஒரு படி. அதற்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு எந்தக் கருவி என்ற கவலையே இல்லை. வேலை செய்யவேண்டிய இடம் அந்த மாற்றும் படிதான்.

குறையும் சிறியதன்று. மாதிரி வீதம் 24 லட்சம் என்று நிற்கிறது: ஐந்து அரை பிட்டுக்கு ஆறு மாதிரி. டாங்கிள் மாதிரிகளைத் தவறவிடாமல் தாங்கும் உச்சம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் வீதம் அது. ஹேக்ஆர்எஃபோ நொடிக்கு 2 கோடி வரை எடுக்கும். 80 லட்சத்துக்குக் கீழே அதை ஓட்டவேண்டாம் என்றே அதன் ஆவணம் சொல்கிறது. ஆக, எண்ணின் வடிவத்தில் டாங்கிளின் பிடியிலிருந்து விடுபட்ட நிரல், வீதத்தில் இன்னும் விடுபடவில்லை. விமானம் பார்க்க மட்டுமே ஹேக்ஆர்எஃப் வாங்க நினைப்பவர், இந்த நிரலை நம்பி வாங்கவேண்டாம். பழைய டாங்கிளே போதும்.