சொந்த மெயில் சர்வர்: பழுதை யார் சொல்வார்?

'நம் தரவு நம் கையில்' என்ற முழக்கம் வலுத்ததிலிருந்து, சிறு நிறுவனங்களும் சொந்த மெயில் சர்வருக்கு ஆசைப்படுகின்றன. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்று, 25-ஆம் போர்ட்டைத் திற, சோதனை மெயில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள் ஆதரவாளர்கள்.

நன்மைகள் உண்மைதான். பாப்3 வழியே கால்மணிக்கொருமுறை அள்ளிவரும் பழைய முறையைவிட இது மேல். மெயில் உடனுக்குடன் வரும். இல்லாத பெயருக்கு வருவதை 550 என்ற மறுப்பு எண் சொல்லி வாசலிலேயே திருப்பலாம்.

ஆனால் அடிப்படையான குறை ஒன்று பேசப்படுவதே இல்லை. இந்த ஏற்பாடு பழுதானால், உரிமையாளருக்குத் தெரியாது. மெயில் போகவில்லையென்றால் அனுப்பியவருக்குத் தகவல் வரும். நமக்கு மெயில் வரவில்லையென்றால்? இன்பாக்ஸ் அமைதியாக இருக்கும். யாரும் எழுதாத நாளிலும் அப்படித்தான் இருக்கும். டிஸ்க் நிரம்பினால், மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 452 சொல்லிப் புதிய மெயிலை ஏற்க மறுக்கும். அந்த எண்ணும் எதிர்முனைக்கே போகிறது. அனுப்பும் சர்வர் பொதுவாக நான்கைந்து நாள் முயன்றுவிட்டுக் கைவிடும். அந்தத் தோல்வி அறிவிப்பும் வாடிக்கையாளருக்குத்தான். விலைப்புள்ளி கேட்டவர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

2022 ஜனவரி 1 அன்று நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சின் வைரஸ் தடுப்புப் பகுதியில், தேதியை ஒட்டி அமைந்த பதிப்பு எண் 2201010001 ஆனது. அதை வாங்கிய 32 பிட் முழு எண்ணில் 2147483647 வரைதான் அடங்கும். எண் அடங்காமல் அந்தப் பகுதி முடங்க, சொந்த சர்வர்கள் மெயிலை வாங்கி, உள்ளே கொண்டுசேர்க்காமல் வரிசையிலேயே தேக்கிவைத்தன. ஏற்றுக்கொண்டாயிற்று என்பதால் அனுப்பியவருக்கும் உடனே எதுவும் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் அன்றே அதைச் சரிசெய்யும் ஸ்கிரிப்ட் தந்தது. ஆனால் புத்தாண்டு விடுமுறையில் ஒருவர் உட்கார்ந்து அதை ஒவ்வொரு சர்வரிலும் ஓட்ட வேண்டியிருந்தது.

முதன்மை சர்வர் நின்றால் மெயிலை வாங்க ஒரு துணை எம்எக்ஸ் வைத்தால் போதுமே என்பார்கள். அது மெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவே. அதன்பின் தாமதம் அனுப்பியவருக்கும் மறைந்துபோகும். மௌனம் இன்னும் ஆழமாகும்.

வெளியிலிருந்து மணிக்கொரு சோதனை மெயில் அனுப்பி, அது பெட்டிக்கு வராவிட்டால் பொறுப்பாளரின் கைபேசியை அலறவைக்கும் ஏற்பாடு முதல்நாளே வேண்டும். அதைச் சொல்லாத எந்த வழிகாட்டியும் அரைகுறை. அந்த அலறலுக்கு நள்ளிரவில் எழ ஆளில்லாத நிறுவனம் இதில் இறங்கவே கூடாது. வராத மெயிலைப் பற்றி ஒன்றும் அறியாதவர், தன் மெயில் தன் கையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.