கொழுப்பு அற்ககோல்களின் நச்சுமை மதிப்பீடு: தீவகத்தின் நீரையும் நிலத்தையும் முன்வைத்து ஒரு திறனாய்வு

நீண்ட காபன் சங்கிலியின் ஒரு முனையில் ஐதரொட்சில் தொகுதி பொருந்திய சேர்மங்கள் கொழுப்பு அற்ககோல்கள் எனப்படுகின்றன. தேங்காய் எண்ணெய், பனைவிதை எண்ணெய் முதலியவற்றின் கொழுப்பமிலங்களை ஐதரசனேற்றம் செய்தோ பெற்றோலிய மூலங்களிலிருந்தோ இவை பெருமளவில் ஆக்கப்படுகின்றன. எட்டுக் காபன் கொண்ட ஒக்டனோலும் பத்துக் காபன் கொண்ட டெக்கனோலும் எண்ணெய் போன்ற நீர்மங்களாக இருக்க, பதினாறு காபன் கொண்ட செற்றைல் அற்ககோலும் பதினெட்டுக் காபன் கொண்ட ஸ்டியரைல் அற்ககோலும் மெழுகு போன்ற திண்மங்களாக இருக்கின்றன. இவை அனைத்தையும் ஒரே வகுப்பில் அடக்கி, முலையூட்டிகளுக்கு இவற்றால் விளையும் தீங்கு மிகக் குறைவு என்று கூறும் மதிப்பீடு உலகளவில் நிலைபெற்றுவிட்டது. அம்முடிவு பெரும்பாலும் சரியானதே. ஆயினும் அது எந்தச் சோதனைகளின் மீது நிற்கிறது, யாழ்ப்பாணத்தின் தீவகத்திலுள்ள மண்டைதீவு போன்ற ஒரு சிறு தீவின் குளத்துக்கும் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் அதை அப்படியே பொருத்தலாமா என்பவை தனித்து ஆராயப்பட வேண்டியவை.

மதிப்பீட்டின் உறுதியான பகுதி உடலின் வளர்சிதை மாற்றத்தில் இருக்கிறது. குடலில் உறிஞ்சப்படும் நேர்ச்சங்கிலிக் கொழுப்பு அற்ககோல் முதலில் அல்டிகைட்டாகவும் பின்னர் கொழுப்பமிலமாகவும் ஒட்சியேற்றப்படுகிறது; அதன்பின் அது எந்த உணவுக் கொழுப்பையும் போலவே இரண்டிரண்டு காபன்களாக வெட்டப்பட்டு ஆற்றலாகிறது. உடலுக்குப் பழக்கமில்லாத இடைப்பொருள் எதுவும் இப்பாதையில் தோன்றுவதில்லை. சங்கிலி நீள நீள நீரில் கரைதிறனும் குடலில் உறிஞ்சப்படும் அளவும் குறைவதால், மிக நீண்டவை பெரும்பாலும் மலத்துடனேயே வெளியேறிவிடுகின்றன.

மேய்ச்சல் விலங்குகளைப் பற்றிய ஆய்வுகள் இதற்கு எதிர்பாராத திசையிலிருந்து சான்று தருகின்றன. புல்லின் மேற்பரப்பு மெழுகில் இருபது முதல் முப்பது காபன் வரையிலான அற்ககோல்கள் இயல்பாகவே உள்ளன. அவற்றுள் மிக நீண்டவை பெருமளவு செரிக்காமல் மலத்தில் வந்துசேர்வதால், மாடும் ஆடும் எந்தப் புல்லை எவ்வளவு தின்றன என்பதைக் கணிக்கும் அடையாளப் பொருள்களாக ஆய்வாளர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஆகவே தீவகத்தின் மாடுகளும், போர்த்துக்கேயர் காலத்திலிருந்து நெடுந்தீவில் வாழ்ந்துவரும் மட்டக் குதிரைகளும் இவ்வகுப்பின் நீண்ட முனையை நாள்தோறும் உண்டே வாழ்கின்றன. ஆய்வுகூட எலிக்கு இரைப்பைக் குழாய் வழியே ஒரு முறை புகட்டிப் பெறும் எண்ணைவிட இச்சான்று எடை கூடியது என்றே கொள்ள வேண்டும். ஏனெனில் இது அசைபோடும் விலங்கையும் நெடுங்கால உட்கொள்ளலையும் ஒருங்கே உள்ளடக்குகிறது.

ஆயினும் ஒழுங்குமுறை ஆவணங்களில் முதலிடம் பெறுவது அந்த எலியின் எண்ணே. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவை நச்சுமையின் அளவுகோலாக்கும் முறையை 1927இல் ஜே. டபிள்யூ. டிரெவன் முன்வைத்தார். அம்முறையின் செந்நெறி வடிவமான 401ஆம் சோதனை வழிகாட்டியைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 2002இன் இறுதியில் நீக்கி, குறைந்த எண்ணிக்கையிலான விலங்குகளைக் கொண்ட மாற்று முறைகளை ஏற்றது. கொழுப்பு அற்ககோல்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2,000 மில்லிகிராமுக்கு மேல் என்பதாகும். இது உண்மையில் ஓர் அளவீடு அன்று. அந்த எல்லை வரை கொடுத்தும் பாதி எலிகள் சாகவில்லை என்ற அறிக்கை மட்டுமே. இறப்பையே முதன்மையாக எண்ணும் இத்தகைய சோதனையின் விடையில், தோல் எரிவும் கண் சேதமும் நுரையீரல் புண்ணும் கணக்கில் வருவதில்லை.

ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே விலங்குகளில் சோதிப்பதற்குப் பதிலாக, அமைப்பில் ஒத்த சேர்மங்களை ஒரு வகுப்பாக்கி, ஒன்றுக்குக் கிடைத்த தரவைக் கொண்டு மற்றொன்றின் வெற்றிடத்தை நிரப்பும் முறை இதற்கு அடுத்த தூணாகும். ஆறு முதல் இருபத்திரண்டு காபன் வரையிலான நீள்சங்கிலி அற்ககோல்கள் 2006இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் திட்டத்தில் ஒரே வகுப்பாக மதிப்பிடப்பட்டன. விலங்குகளின் உயிரையும் காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும் இம்முறை, சங்கிலி நீளத்துடன் பண்புகள் ஒழுங்காக மாறிச் செல்லும் இத்தகைய வரிசைக்கு மிகவும் ஏற்றது. வரிசையின் நீண்ட முனையில் நேரடித் தரவும் வலுவாக உள்ளது. இருபத்திரண்டு காபன் கொண்ட பெகனைல் அற்ககோல் எலிகளுக்கு நாள்தோறும் கிலோகிராமுக்கு 1,000 மில்லிகிராம் வரை 26 வாரங்கள் கொடுக்கப்பட்டும் பாதகம் காணப்படவில்லை என்று 2002இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதே பொருளைக் கொண்ட உதட்டுப் புண் களிம்புக்கு அமெரிக்க அரசு 2000இல் அனுமதி வழங்கியது.

இந்தத் தரவின் பயனைக் காண்பதற்கு ஏற்ற களம் வறண்ட தீவுகளின் குளங்களாகும். யாழ்ப்பாண நகருக்கும் வேலணைக்கும் இடையே, பண்ணைத் தாம்போதி வழியே அடையப்படும் மண்டைதீவும் அதற்கப்பாலுள்ள தீவுகளும் வடகீழ்ப் பருவமழையை மட்டுமே பெரிதும் நம்பியிருப்பவை. மழைக்குப் பின் குளங்களிலும் துரவுகளிலும் தேங்கும் நீர் அடுத்த மழைக்கு முன்பே வெயிலிலும் காற்றிலும் வற்றிவிடுகிறது. நெடுந்தீவில் கடும் வறட்சிகளின்போது குதிரைகள் நீரின்றி மடிந்ததும் உண்டு. செற்றைல் அற்ககோலும் ஸ்டியரைல் அற்ககோலும் நீர்ப்பரப்பில் ஒரு மூலக்கூறு தடிப்பமுள்ள படலமாகப் பரவி ஆவியாதலைக் குறைக்கும் தன்மை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நீர்த்தேக்கங்களில் சோதிக்கப்பட்ட ஒன்று. அப்படலத்தை இங்குள்ள ஒரு குளத்தில் இட்டால், அதில் வாய் வைக்கும் மாட்டுக்கு என்ன நேரும் என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம்.

செற்றைல் அற்ககோலின் ஒரு மூலக்கூறு நீர்ப்பரப்பில் பிடிக்கும் இடத்தைக் கொண்டு கணித்தால், ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமும் ஒரு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 20 கிராமும் போதுமானவை. நீர் குடிக்கும் மாடு மேற்பரப்பையே உறிஞ்சுவதால், அது பத்துச் சதுர மீற்றர்ப் படலத்தை முழுவதும் விழுங்கிவிடுகிறது என்று மிகைப்படுத்திக் கொண்டாலும் உட்செல்வது 20 மில்லிகிராமே. 250 கிலோகிராம் எடையுள்ள விலங்கில் அது கிலோகிராமுக்கு 0.08 மில்லிகிராமாகிறது, மேலே கூறிய 1,000 மில்லிகிராமுக்கு இது பன்னிரண்டாயிரம் மடங்குக்கும் மேல் தாழ்ந்தது. நடைமுறையில் படலம் கிழிந்து கிழிந்து மீண்டும் இடப்பட வேண்டியிருப்பதால் அளவு பல மடங்கு கூடும். அவ்வாறு நூறு மடங்கு கூடினாலும் இடைவெளி அகலமாகவே எஞ்சும். இக்கணக்கில் பெகனைல் அற்ககோலின் எண் செற்றைல் அற்ககோலுக்கு இரவல் பெறப்பட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் இவ்வளவு அகன்ற இடைவெளியில் அந்த இரவலால் முடிவு புரளாது. வகுப்புமுறை தன் தகுதியை நிறுவும் இடம் இதுவே.

படலத்துக்கு எதிரான உண்மையான வாதம் நச்சுமை அன்று, காற்றாகும். 1958இல் ஒக்லகோமாவின் ஹெஃப்னர் ஏரியில் நடந்த பெருஞ்சோதனையில் ஆவியாதல் குறைந்தது ஏறத்தாழ 9 சதவீதமே. படலத்தைக் காற்று கரைக்கு ஒதுக்கிவிடுவது அங்கே முக்கிய தடையாக இருந்தது. கடற்காற்றுக்குத் தடையே இல்லாத தட்டையான தீவுகளில் இதைவிட நல்ல விளைவை எதிர்பார்ப்பது கடினம்.

வரிசையின் குறுகிய முனைக்கு வரும்போது படம் மாறுகிறது. நுனி கிள்ளப்பட்ட புகையிலைச் செடியில் இலைக் கக்கங்களிலிருந்து எழும் பக்க முளைகளைக் கருகச் செய்வதற்கு ஒக்டனோலும் டெக்கனோலும் கலந்த குழம்பு அமெரிக்காவிலும், டெக்கனோல் தயாரிப்புகள் இந்தியாவின் ஆந்திர, கர்நாடகப் புகையிலை நிலங்களிலும் பயன்படுத்தப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலும் தீவகத்தின் தோட்டங்களிலும் இம்முளைகளைக் கையால் ஒடிப்பதே நெடுங்கால வழக்கம். கூலியாள் அருகிவரும் நிலையில் இத்தகைய தெளிப்பு கவர்ச்சியாகத் தோன்றக்கூடும் என்பதால், அதை இங்கு முன்கூட்டியே எடைபோடுவது பொருத்தமாகும். குளத்துப் படலத்தில் ஹெக்டேயருக்கு 20 கிராமாக இருந்த பொருள், 4 முதல் 5 சதவீதக் குழம்பாகச் சில நூறு லீற்றர் தெளிக்கப்படும்போது பத்துக் கிலோகிராமைத் தாண்டிவிடுகிறது. செடியின் இளந்திசுவை நீரிழக்கச் செய்து கருக்கும் அதே செறிவு, தெளிப்பவரின் கண்ணையும் தோலையும் தொடுகிறது. இப்பொருள்களின் செறிந்த வடிவங்கள் கண்ணுக்குக் கடுமையான சேதம் விளைவிக்கக்கூடியவை. ஒக்டனோல் நடுக்க நோயாளிகளுக்கு மருந்தாகக் கிலோகிராமுக்கு 64 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்டு 2004இல் ஆராயப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. விழுங்கும்போது பொறுத்துக்கொள்ளப்படும் ஒரு பொருளே கண்ணில் தெறிக்கும்போது வேறொன்றாகிறது.

குறுஞ்சங்கிலிகளின் மற்றோர் ஆபத்து நுரையீரலில் உள்ளது. பாகுத்தன்மை குறைந்த இந்நீர்மங்கள் விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ மூச்சுக்குழாயில் இறங்கினால், மிகச் சிறிய அளவும் உயிர்க்கொல்லியாகலாம். மூன்று முதல் பத்துக் காபன் வரையிலான அற்ககோல்களை எலிகளின் மூச்சுப்பாதையில் செலுத்தி ஜெரார்டும் ஆல்ஸ்ட்ரோமும் 1966இல் இதைக் காட்டினர். ஆவியை முகரச் செய்யும் சோதனைகளோ இந்த ஆபத்தைத் தொடுவதே இல்லை. டெக்கனோல் மிக அரிதாகவே ஆவியாவதால் அறையில் எட்டக்கூடிய உச்சச் செறிவும் தாழ்ந்தே இருக்கும், அதனால் கிடைக்கும் நற்சான்று தெளிப்பானிலிருந்து எழும் நுண்துளிகளுக்குப் பொருந்தாது.

புகையிலைத் தோட்டத்துக்கே உரிய இன்னொரு கேள்வியைத் தனிப்பொருள் சோதனை எழுப்பவே இயலாது. ஈரமான பச்சை இலையைக் கையாள்பவரின் தோல் வழியே நிக்கொட்டின் உட்புகுந்து குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாக்குவது நன்கறியப்பட்ட தொழில்நோய். மறுபுறம், தோலின் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தி மருந்துகளை உட்செலுத்த உதவும் பொருளாக மருந்தியலில் டெக்கனோல் ஆராயப்பட்டு, நிறைவுற்ற அற்ககோல்களுள் அவ்வகையில் முன்னணியில் நிற்கிறது. தெளிப்பு காயும் முன் அதே இலையை வெறுங்கையால் தொடுவோரிடம் இவ்விரண்டும் சேர்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்த கோப்புகள் எவ்வளவு தடித்திருந்தாலும் இச்சேர்க்கைக்கு விடை தருவதில்லை.

வகுப்பின் வேலி எங்கே போடப்படுகிறது என்பதும் கவனத்துக்குரியது. ஒக்டனோலின் அதே எட்டுக் காபனும் அதே மூலக்கூற்று வாய்பாடும் கொண்ட 2-எதைல்ஹெக்சனோல், கிளைத்த சங்கிலி என்ற ஒரே வேறுபாட்டால் வேறு பாதையில் உடைந்து, எலிக் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும் அமிலமொன்றை விளைவிக்கிறது. நுளம்புக் குடம்பிகளை மூச்சுத்திணறச் செய்ய நீரின் மேல் பரப்பப்படும் படலங்களுள் ஒன்று கிளைத்த ஐசோஸ்டியரைல் அற்ககோலுடன் எதிலீன் ஒட்சைட்டு இணைக்கப்பட்ட பொருளாகும். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு 2016இன் இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட பின்னர், கிணறுகளுக்கு இத்தகைய படலங்கள் ஒரு வழியாகத் தோன்றலாம். ஆனால் அவற்றைச் செற்றைல் அற்ககோலின் உறவாக எண்ணி அதன் நற்சான்றை இவற்றுக்கும் நீட்டுவது முறையாகாது. அவற்றின் சொந்தத் தரவே பார்க்கப்பட வேண்டும்.

மனிதரிடையே உள்ள வேறுபாட்டையும் எலியின் சராசரி மறைக்கிறது. கொழுப்பு அல்டிகைட்டை ஒட்சியேற்றும் நொதியம் பிறவியிலேயே குறைபட்டோருக்குக் கொழுப்பு அற்ககோல் உடலில் தேங்கி, மீன்செதில் போன்ற தோலும் கால் இறுக்கமும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் தோன்றுகின்றன. சுவீடனில் 1957இல் விவரிக்கப்பட்ட சியோக்ரன்-லார்சன் நோய் இது. அரிதான இந்நோய், மேலே கூறிய வளர்சிதைப் பாதை அடைபட்டால் என்ன நேரும் என்பதைக் காட்டுகிறது. களிம்புகளில் சேரும் செற்றோஸ்டியரைல் அற்ககோலால் சிலருக்கு வரும் ஒவ்வாமைத் தோலழற்சி, அளவில் சிறியதாயினும் பரவலில் இதைவிடப் பெரியது.

தீவகத்தின் நிலவமைப்பு இவற்றுடன் சேர்த்து எண்ணப்பட வேண்டியது. இங்கு நன்னீர் என்பது சுண்ணக்கல்லிலும் மணலிலும், கடல்நீருக்கு மேலே மெல்லிய வில்லைபோல் மிதக்கும் மழைநீரே. தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் இடையே சில மீற்றர்த் தூரமே இருப்பது வழக்கம், மணலில் தோண்டப்படும் சிறு நீர்க்குழிகளான பூவல்களில் அதுவும் குறைவு. கொழுப்பு அற்ககோல்கள் நுண்ணுயிர்களால் விரைவில் சிதைக்கப்படுவதால், குடாநாட்டில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளை எண்ணெய் மாசு பாதித்ததுபோன்ற நீடித்த நிலைமையை இவை உண்டாக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் குழம்பாக்கி முதலிய துணைப்பொருள்கள் அந்த வேகத்தில் சிதையும் என்பதற்கு அற்ககோலின் தரவு சான்றாகாது. கழுவிய தெளிப்பானின் நீர் எங்கே ஊற்றப்படுகிறது என்பதை எந்த எலிச் சோதனையும் கேட்பதில்லை.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பீடைகொல்லிப் பதிவாளர் முன் இத்தகைய தயாரிப்பு ஒன்று வருமானால், தூய சேர்மத்தின் வாய்வழி எண்ணை விடுத்து, விற்பனைக்கு வரும் முழுக் கலவையின் கண், தோல், மூச்சுப்பாதைத் தரவை முதலில் கோருவதே தகும். அதைவிட அவசரமான ஒன்று போத்தலின் மேல் ஒட்டப்படும் தாளில் இருக்கிறது. இரைப்பைக் குழாய் வழியே மருந்து புகட்டப்படும் எலியால் வாந்தி எடுக்க முடியாது. எனவே அதிலிருந்து பெற்ற எண்ணில் வாந்தியின் விளைவு இடம்பெறவே இல்லை. நஞ்சு குடித்தவரை உடனே வாந்தி எடுக்கச் செய்யும் பழக்கமோ ஊர்களில் இன்னும் இருக்கிறது. டெக்கனோல் போத்தலைத் திறந்து குடித்துவிட்ட ஒரு குழந்தைக்கு அந்த முதலுதவியே நுரையீரலுக்கு வழிதிறந்துவிடும் என்பதால், வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது என்ற வாசகம் நச்சுமை வகுப்பின் குறியீட்டுக்கும் மேலே, பெரிய எழுத்தில், தமிழில் நிற்க வேண்டும்.