குடைக்குள் விழும் வெயில்

டிடிஎச் குடைகளெல்லாம் இப்போது பழைய இரும்புக் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தென்னேரி மாதிரி வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் அவற்றை எடைக்குப் போடுவது பாவம்.

கண்ணாடிக் கடையில் கழித்த துண்டுகளை விரலகலத்துக்கு வெட்டி உள்பக்கம் ஒட்டினால் சூரிய அடுப்பு தயார். குவியத்துக்குக் கணக்கே வேண்டாம். சிக்னலை வாங்கும் எல்என்பி இருந்த இடம்தான். தட்டையான ஒவ்வொரு துண்டும் அங்கே ஏறத்தாழ தன் அளவுக்கு ஒளித்திட்டு போடும். துண்டு சிறுக்கச் சிறுக்கப் புள்ளி கூர்மையாகும். பொறுமைசாலியின் குடையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

60 செ.மீ. குடையில் உச்சிவெயில் சுமார் 280 வாட் விழும். பாதி தேறினாலே பெரிது. அடியில் கரி பூசிய சொம்பில் டீத்தண்ணீர் கொதிக்கும். உலை வைக்க ஆசைப்படக்கூடாது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால் குடையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆரோவில் சோலார் கிச்சனின் 15 மீட்டர் கிண்ணம் அசையாது. அது கோள வடிவம், கொதிகலன்தான் சூரியனைத் துரத்தும். அதைப் பார்த்தால் பிரமிப்பு. பிரியம் என்னவோ குடை மேல்தான்.

வெல்டிங் கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். வேலை முடிந்ததும் சாக்கால் மூடிவிடுங்கள். குவியத்தில் துணி கிடந்தால் பற்றிக்கொள்ளும்.