சின்னச் சந்தோஷங்கள்

நம் விமர்சனக் கட்டுரைகளில் சந்தோஷம் என்ற வார்த்தை தட்டுப்படுவதே இல்லை. தரிசனம் இருக்கிறது, உக்கிரம் இருக்கிறது, ஆழம் பக்கத்துக்கு நாலு இடத்தில் இருக்கிறது. ஒரு படைப்பு நம்மை உலுக்கியதா, நிலைகுலைய வைத்ததா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். உலுக்கப்படுவதற்காக யாரும் தினமும் புத்தகத்தை எடுப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், இரண்டு மூன்று முறை படித்துவிட்ட கதையை நான் மறுபடி எடுக்கிறேன் என்றால், அதில் எனக்கு வேண்டிய ஏதோ ஓர் இடம், விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கத்தான். இந்தக் காரியத்துக்கு விமர்சனத்தில் பெயரில்லை. பெயரில்லாததால் மதிப்பும் இல்லை.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கடவுள் என்ற கருத்தின் மேலான நையாண்டி, நகர வாழ்வின் வறட்சி, கடவுளோடு குடித்தனம் பண்ண முடியாத மனித நிலை, இப்படி. எல்லாம் சரிதான். ஆனால் நான் அந்தக் கதைக்குத் திரும்பிப் போவது காப்பி ஹோட்டலுக்காக. கடவுள் காப்பியைக் குடித்து, அந்த ருசியைத் தம்முடைய லீலை என்று சொல்லிக்கொள்ள, பிள்ளை அந்தப் பெருமையைப் பிடுங்கி ஹோட்டல்காரனின் சிக்கரிப் பொடிக்குக் கொடுத்துவிடுகிறார். இதில் ஹாஸ்யம் இருக்கிறது, ஆனால் ஹாஸ்யம் மட்டுமல்ல. பிள்ளை சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். எதில் எது கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அந்த நாக்குக்கு இயல்பு. கதாசிரியர் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. நாலாம் தடவை படிக்கிறபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. அன்றைக்கு முழுதும் ஏதோ கிடைத்தாற்போல இருந்தது. கடவுளைப் பற்றிய விசாரம் முழுவதும் இந்த நாக்கின் மேல்தான் நிற்கிறது. நாக்கு பொய்யென்றால் விசாரமும் பொய்.

சந்தோஷம் என்றதும் நமக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணம் உண்டு. 1959ல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது எதிரே நின்றவை வாரப் பத்திரிகைகள். சுவாரஸ்யம் அவர்கள் சரக்காக இருந்தது. அதை மறுக்க வேண்டியிருந்தது, மறுத்தோம். மறுத்த வேகத்தில் வாசக அனுபவத்தின் ஒரு பாதியையே அவர்களுக்குத் தாரை வார்த்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. வாரப் பத்திரிகை தரும் குஷி அத்தியாயத்தின் கடைசி வரியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி காத்திருக்கும். இரண்டாம் முறை போனால் அங்கே ஒன்றுமிருக்காது. நான் சொல்லும் சந்தோஷம் நேர்மாறானது. முதல் முறை கண்ணில் படாது. எழுதியவனின் துல்லியத்திலிருந்து பிறப்பது அது. வாசகனும் கொஞ்சம் துல்லியமாக இருந்தால்தான் கிடைக்கும்.

சங்கீதத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ராஜரத்தினம் பிள்ளை தோடியைச் சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்கில் வாசித்தவர். அதே தோடி 78 சுழற்சி இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சத்தில் அடைபட வேண்டியிருந்தது. வீதியில் கேட்டவர்கள் தட்டைக் குறைப் பண்டமாக நினைத்திருக்கலாம், அவர்களுக்கு அந்தப் பாத்தியதை உண்டு. அவர் 1956ல் மறைந்துவிட்டார். நமக்குத் தட்டு, அதிலிருந்து எடுத்த நாடா, இப்போது கைபேசி. இத்தனை கைமாறிய பிறகும், ஒரு காந்தாரத்தை அவர் ஆட்டுகிற ஆட்டத்துக்காக, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதைக் கேட்கிறேன். பிரம்மாண்டம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரு ஸ்வரம் அது போக வேண்டிய தூரம் போய், ஒரு மயிரிழை தாண்டித் திரும்புகிறது, அவ்வளவுதான். வசந்தகோகிலம் முப்பது சொச்சம் வயதில், 1951ல் போய்விட்டார். நமக்கு மிஞ்சியிருக்கும் அவருடைய சங்கீதம் பெரும்பாலும் இந்த மூன்று நிமிஷங்கள்தான். அவற்றைச் சின்னது என்று யார் தள்ளுவது?

கச்சேரிக்கு இன்றுள்ள உருவத்தைப் பெருமளவு வகுத்துக் கொடுத்த அரியக்குடி இந்த விஷயம் தெரிந்தவர். வர்ணத்தில் தொடங்கி, சுருக்கமான ஆலாபனைகள், கிருதிகள், பிறகு கடைசியில் துக்கடாக்கள். திருப்பாவைக்கும் அருணாசலக் கவியின் ராம நாடகத்துக்கும் மெட்டமைத்தவர் அவர். வித்வத்தைக் குறைத்துக்கொண்டார் என்ற முணுமுணுப்புக்கு நான் செவி சாய்க்கவில்லை. மூன்று மணி நேரமும் ஒருவன் உச்சத்திலேயே இருக்க முடியாது என்ற மரியாதை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. (தனி ஆவர்த்தனத்தின்போது கான்டீனுக்குப் போகிறவர்கள் இந்த மரியாதையில் சேர்த்தியில்லை. மிருதங்கத்தில் சாப்பில் விழுகிற ஒரே ஒரு தட்டுக்காக உட்கார்ந்திருக்கலாம்.)

'மோகமுள்'ளில் யமுனாவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ரங்கண்ணாவைப் பேச வந்தால், வடக்கிலிருந்து வந்த பாடகர்களைக் கேட்டு அவர் நெகிழும் கட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய கட்டம்தான். ஆனால் அந்த நெகிழ்ச்சியை நான் நம்புவது, அதற்கு முன்னால் அவரைச் சாதாரண நாட்களில் பார்த்திருப்பதால். சுருதி சேர்வது அவருக்கு நித்தியப்படி விஷயம், பல் தேய்ப்பதைப் போல. பாபு அவரிடம் கற்றுக்கொள்வதும் பாட்டைவிட இதைத்தான் என்று சொல்வேன். ஜானகிராமனின் உரைநடையே அந்தச் சாதகத்தில் வந்தது. ஒரு தெரு, ஒரு திண்ணை, ஒரு டம்ளர் காப்பி என்று எதைத் தொட்டாலும் சுருதி விலகாமல் தொடுகிறார்.

என் கட்சிக்கு மௌனிதான் ஒத்துவர மறுக்கிறார். 'பிரபஞ்ச கான'த்தில் ஒரு பெண் பாடுகிறாள். பாட்டோடு அவளும் முடிந்துபோகிறாள். அங்கே சங்கீதத்துக்கு மறுநாள் காலை கிடையாது, சாதகம் கிடையாது. 'அழியாச்சுடர்' கோயிலில் யாளியைப் பார்த்து நான் மிரண்டிருக்கிறேன். அந்தப் பிராகாரத்தில் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று தோன்றியதில்லை. இது மௌனியின் குறையா, அல்லது அவர் எழுத வந்த உலகத்துக்கு உட்காருமிடமே இல்லையா என்று பல முறை யோசித்திருக்கிறேன். குறை என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன். மௌனியை நித்தமும் பாராயணம் பண்ணுகிற நண்பர்கள் சிலர் இதைப் படிப்பார்கள். தரிசனத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அவர் கதைகளில் தாங்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஏதாவது ஒரு சின்ன இடத்தை, பக்க எண்ணோடு, அவர்கள் எழுதிக் காட்டட்டும்.