ஜோதிபாலவைக் கேட்பவர்கள்

அம்பிட்டியவில் குருமடத்தைத் தாண்டிக் கண்டிக்கு இறங்கும் தனியார் பஸ்ஸில் சிங்களத் திரைப்பாடகர் எச். ஆர். ஜோதிபால பாடாத நாள் குறைவு. போன மாதம் ஒரு காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஜோதிபால இறந்தது 1987 ஜூலையில். என் பக்கத்தில் தலாத்துஓயாப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் பாட்டோடு சேர்ந்து முனகிக்கொண்டு வந்தார். அவர் வாயில் சொல் இல்லை, மெட்டு மட்டும்.

ஜோதிபாலவின் ‘பொறுக்கியெடுத்த பாடல்கள்’ ஏன் இன்னும் ஓடுகின்றன என்றால், பழைய ஞாபகம் என்று ஒரு தயார் விடை இப்போது புழங்குகிறது. அந்தப் பையனுக்கு எந்தப் பழைய ஞாபகம்? கல்யாண வீடுகளில் ‘ஜோதி நொன்ஸ்டொப்’ தொடங்கியதும் மேசையை விட்டு எழும்புகிறவர்களில் பாதிப்பேர் அவர் செத்தபிறகு பிறந்தவர்கள். இன்னொரு விடை சற்றுப் படித்த வட்டாரத்தில் கேட்கும்: அவர் வெறும் கொப்பிப் பாடகர், இந்தி மெட்டுக்குச் சிங்களச் சொல் ஒட்டியவர், ரசனை வளராதவர்களுக்கானவர். இரண்டும் தவறு. இரண்டாவது, தவறு மட்டுமல்ல, நன்றிகெட்டதும்கூட.

சிங்களத் திரைப்பாட்டு வரலாற்றின் முதல் பகுதி தெரிந்ததுதான். 1947 ஜனவரியில் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொறொந்துவ’ எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பு. மதுரையில் எடுத்தது, இசை நாராயண ஐயர். நாயகி ருக்மணி தேவி என்ற டேசி ராசம்மா டானியல்ஸ், றம்பொடையில் பிறந்த கொழும்புச் செட்டிக் குடும்பத்துப் பெண். அதே ஆண்டு கோயம்புத்தூரிலிருந்து ‘அசோகமாலா’ வந்தது. அதற்கு இசையமைத்தவர் முகமது கவுஸ். அவரிடம் வயலின் வாசித்த இளைஞர் அல்பேர்ட் பெரேரா, பின்னாளில் தேசியப் பாடலின் சிகரமாக நிறுத்தப்பட்ட அமரதேவ. ஆக, சுத்தமும் கலப்பும் ஒரே ஸ்டுடியோ வாசலால்தான் வந்தன.

நான் நிற்க விரும்புவது 1952இல். அந்த ஆண்டு இலங்கை வானொலி தன் பாடகர்களைத் தரம்பிரிக்க லக்னோ சங்கீதக் கல்லூரியிலிருந்து எஸ். என். ரதன்ஜங்கரை அழைத்தது. பாடகர் சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குப் போக மறுத்தார். மண்ணின் மெட்டைத் தேடியவருக்கு வானொலிக் கதவு அடைபட்டது. அதே ஆண்டில் இந்தியாவில் கேஸ்கர் தகவல் அமைச்சராகி, அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டை விரட்டத் தொடங்கினார். விரட்டப்பட்ட பாட்டு எங்கே போனது? கொழும்புக்கு. டிசெம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ ஆரம்பமானது. பம்பாய்ப் பாட்டை இந்தியாவே கொழும்பு அலைவரிசையில்தான் கேட்டது. அந்த மெட்டுகள் எங்கள் காற்றில் ஊறிக் கிடந்தவை. பிறகு ஒரு சிங்களப் பையன் அவற்றை எடுத்துப் பாடினால் அது மட்டும் களவாம். அமரதேவ லக்னோவில் படித்து வந்தால் கலை, ஜோதிபால பம்பாயைக் கேட்டுப் பாடினால் கொப்பி.

1956 எல்லோருக்கும் பிடித்த ஆண்டு. சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம், லெஸ்டரின் ‘ரேகாவ’ படம், கூடவே தனிச் சிங்களச் சட்டம். அதே ஆண்டில் வந்த ‘சுரதலீ’ படத்தில் இருபது வயது ஜோதிபால பாடியதை எந்த வரலாற்றாசிரியரும் அந்த வரிசையில் வைப்பதில்லை. நான் வைக்கிறேன். எங்களுக்குச் சட்டம் சிங்களத்தைக் கந்தோர் மேசையில் காட்டியது. இவர் தேநீர்க் கடையில் காட்டினார். மெட்டு முன்பே தெரிந்திருந்ததால் சொல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. என் தலைமுறையில் கண்டித் தமிழர் பலர் சிங்களத்தில் அன்பு, பிரிவு, கண்ணீர் ஆகியவற்றுக்கான சொற்களைப் பழகியது இப்படித்தான், இலக்கணப் புத்தகத்தில் அல்ல.

குரலைப் பற்றி யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை. பிருகா கிடையாது, ராக விஸ்தாரம் கிடையாது. உயிரெழுத்தைத் திறந்து விடுவார், மூச்சு கேட்கும். நம் ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீநிவாஸும் காதோடு பேசுகிறவர்கள். இவர் முடக்குக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் கேட்கப் பாடுகிறவர். கருணாரத்ன அபேசேகர போன்ற கைதேர்ந்தவர்கள் அளவெடுத்துச் சொல் கொடுத்தபோது, அந்தக் குரலில் வேற்று மெட்டு சொந்த வீட்டுப் பாட்டாகிவிடும். மில்டன் மல்லவாராச்சி இவரைவிட மென்மையானவர், பிசகாதவர், ஆனால் எப்போதும் ஒரே ஈரம். விக்டர் ரத்நாயக்க, எங்கள் கடுகண்ணாவைக்காரர், 1973இல் ‘ச’ என்று தனியொருவர் கச்சேரி தொடங்கிப் பாட்டைக் கேட்க மக்களை மண்டபத்தில் மௌனமாக உட்காரவைத்தார். பெரிய சாதனைதான். ஜோதிபாலவுக்கு மௌனம் வேண்டியதில்லை. பஸ் எஞ்சினுக்கு மேலால் கேட்டால் போதும்.

எல்லாம் நல்ல பாட்டு என்று நான் சொல்லவில்லை. அவசரப் பதிவுகள் உண்டு. மெட்டுக்குச் சொல் போதாமல் நெடிலை இழுத்து ஒப்பேற்றியவை உண்டு. சிலவற்றில் அழுகை அளவு மிஞ்சிப்போய்த் திரையில் வாயசைக்கும் நடிகர் காமினி பொன்சேகாவின் இறுகிய முகத்துக்குப் பொருந்தாமல் நிற்கும். தொகுப்பு போடுகிறவர்கள் நல்லதையும் சக்கையையும் ஒன்றாகக் கொட்டிவிடுவது அவருக்குச் செய்யும் இன்னொரு அநியாயம்.

ஆனால் நம்மவர் விமர்சனத்தில் இந்த அத்தியாயமே இல்லை என்பதுதான் என் கோபம். ஈழத்து மெல்லிசை என்றால் பொப்பிசையோடு, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரனோடு முடித்துக்கொள்கிறோம். நாகர்கோவிலிலிருந்து வந்த இசையமைப்பாளர் ஆர். முத்துசாமி, சக்ஸபோன் ஊதிய எம். கே. ரொக்சாமி, சேலத்தில் பிறந்து இங்கே பௌத்த பக்திப் பாடலுக்கே குரலாகிப்போன முகைதீன் பேக்: சிங்களப் பாட்டின் அடிவாரம் முழுக்க நம் ஆட்கள். சிங்கள விமர்சகர் அவர்களைக் கலப்பு என்று ஒதுக்கினார், தமிழ் விமர்சகர் சிங்களம் என்று ஒதுக்கினார்.

பேராதனையில் இசையோ தமிழோ படிக்கும் மாணவர் யாராவது இதைக் கையில் எடுக்கவேண்டும். ஜோதிபாலவின் எந்தப் பாட்டு எந்த இந்தி மெட்டு, எந்தத் தமிழ் மெட்டு, எங்கே மாற்றினார்கள் என்று ஒரு நேர்மையான பட்டியல் போதும். அந்தக் காலத்து வாத்தியக்காரர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயது. தள்ளிப்போடாதீர்கள்.