கரிசலுக்கு எந்த டயர்?

கயத்தாறிலிருந்து கடம்பூர் போகும் ரோட்டை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் 300 மீட்டர் உள்ளே போனால் எங்கள் உளுந்துக் காடு. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, புது டயர் போட்ட தைரியத்தில் பொலேரோவை அந்தப் பாதையில் இறக்கினேன். 50 அடி போவதற்குள் நான்கு சக்கரமும் கறுப்பு உருண்டைகளாகிவிட்டன. டயரின் ரப்பர்ப் பட்டன்களுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் உரசத் தொடங்கியது. மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினால், அடுத்த பத்தடியில் அதே கதை. கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரரின் டிராக்டர்தான் வந்து இழுத்தது.

கடையில் எனக்குச் சொன்னது வேறு. "ஆஃப்ரோடு டயர் அண்ணாச்சி, எந்தச் சேத்துலயும் போகும்" என்றார்கள். சேறு எல்லாம் ஒன்றல்ல என்பதை யாரும் சொல்லவில்லை. மணலில் சக்கரம் புதையும். செம்மண் சேறு டயரில் ஒட்டினாலும் நாலு சுற்றில் உதிர்ந்துவிடும். கரிசலில் இருக்கும் களி அப்படியில்லை. ஈரம் பட்டால் ஊதிப் பெருகும், பட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும். பங்குனி வெயிலில் அதே மண் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். டயர் தரையைப் பிடிப்பது பட்டன்களின் ஓரங்களால்தான். பள்ளத்தில் களி அடைத்துவிட்டால் ஓரம் ஏது? 7,000 ரூபாய் டயரும் அப்போது தேய்ந்த வழுக்கை டயரும் ஒன்றுதான்.

என்னிடம் இருப்பது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பொலேரோ. கூட வந்த ஹைவே டயர்களைத் தேயும் வரை ஓட்டிவிட்டு, அதே 215/75 ஆர் 15 அளவில் ஆல் டெரெய்ன் எனப்படும் ஏ.டி. டயர் போட்டேன். 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். பிராண்டின் பெயரை இங்கே எழுதவில்லை. சொல்லப்போகும் விஷயம் எந்தக் கம்பெனி டயருக்கும் பொருந்தும்.

நண்பர் ஒருவர் தன் தார் ஜீப்பில் மட் டெரெய்ன், அதாவது எம்.டி. போட்டிருக்கிறார். நம் பக்கத்தில் பட்டன் டயர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ரப்பரும் பள்ளமும் கிட்டத்தட்ட சரிபாதி. இரண்டு வண்டியையும் ஒரே நாளில் ஒரே வண்டிப்பாதையில் விட்டுப் பார்த்தோம். பாதை கொஞ்சம் காய்ந்து, மேலே பொருக்கு கட்டியிருந்த நேரத்தில் இரண்டுமே சுலபமாகப் போய் வந்தன. நல்ல ஈரத்தில் என் வண்டி நின்ற இடத்தைத் தாண்டி தார் இன்னும் 200 மீட்டர் போனது. எம்.டி. அகலமான பள்ளத்தில் சேர்ந்த களியை வேகமாகச் சுழன்று வீசி எறிகிறது. நான்கு சக்கரமும் இழுப்பது இன்னொரு பலம். ஆனால் அதுவும் நின்றது, என் வண்டியைவிட ஆழமாகப் புதைந்து நின்றது. மழை பெய்தால் இரண்டு நாளைக்குக் கரிசலுக்குள் வண்டியை இறக்காமல் இருப்பது என்று நம் ஆட்கள் வைத்திருக்கும் வழக்கத்தை எந்த டயரும் மாற்றப்போவதில்லை.

அந்த 200 மீட்டருக்காக நண்பர் கொடுக்கும் விலை பெரிது. நாலுவழிச் சாலையில் சாலைப்புதூர் டோல்கேட்டைத் தாண்டி 80-இல் போனால், அவர் வண்டிக்குள் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஈரத் தார்ச்சாலையில் பிரேக் அடித்தால் கூடுதல் தூரம் ஓடி நிற்கிறது. என் ஏ.டி.யிலும் இரைச்சல் கொஞ்சம் கூடியது, டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்தது. அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டரில் தொண்ணூறு தார் ரோடு. மீதிப் பத்தில் பெரும்பகுதி சரள். காற்றாலைக்காகப் போட்ட பாதைகள் எல்லாம் கூர்ச்சரள்தான், கத்தி மாதிரி நிற்கும். சேறு என்பது வருடத்தில் சில நாள். சரளில் ஹைவே டயரின் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்தது. ஏ.டி.யில் அந்தச் சேதம் மிகக் குறைவு.

இன்னொரு எதிரி முள். உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் சாதாரண டியூப் டயரை ஒரு வாரம் சும்மா விடாது. ரேடியல் டயரில் தரையில் படும் பாகத்துக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருப்பதால் முள் பெரும்பாலும் அங்கேயே ஒடிந்துவிடுகிறது. பக்கவாட்டில், நாம் சைடு வால் என்கிறோமே, அங்கே எஃகு கிடையாது, வெறும் நூல் அடுக்குதான். கரிமூட்டத்துக்குக் கருவேலத்தை வெட்டிக்கொண்டு போனவர்கள் விட்டுவைத்த தூர்கள் வண்டிப்பாதை ஓரத்தில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒதுங்கி வழிவிடும்போது அதில் ஒன்று சைடு வாலைக் கிழித்தால் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது. அதனால் வாங்கும்போது பட்டனின் அழகைப் பார்ப்பதைவிட, பக்கவாட்டில் எத்தனை நூல் அடுக்கு என்று பாருங்கள். டயரிலேயே எழுதியிருக்கும். இரண்டைவிட மூன்று நல்லது.

அளவை மாற்றும் ஆசை பலருக்கு வரும். 235/75 போட்டால் வண்டி எடுப்பாகத் தெரியும் என்பார்கள். 215/75 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 703 மில்லிமீட்டர், 235/75 ஆர் 15 சுமார் 733. நூற்றுக்கு நாலுக்கு மேல் வித்தியாசம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-ஐத் தாண்டி ஓடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசவும் கூடும். வாரண்டி கேட்டுப் போகும்போது, "வண்டிக்குரிய அளவு இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். பாரம் தாங்கும் எண்ணையும் குறைக்கக் கூடாது. 100 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று அர்த்தம்.

எந்த டயர் என்பதைவிட முக்கியம் எவ்வளவு காற்று என்பதுதான். காட்டுக்குள் இறங்கும்போது 20 பவுண்டுக்குக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து, கல்லையும் மேட்டையும் அணைத்துக்கொண்டு போகும். சரள் பாதையில் இதன் பலனை முதுகே சொல்லும். தவறு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. காட்டு வேலை முடிந்ததும் அதே காற்றோடு நாலுவழிச் சாலையில் ஏறி, சித்திரை வெயிலில் திருநெல்வேலிக்கு 100-இல் போகிறோம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகிறது. அந்தச் சூட்டில் எஃகுப் பட்டைக்கும் ரப்பருக்கும் இடையிலான ஒட்டு விடுகிறது. ரோட்டோரம் பாம்புச் சட்டை மாதிரி கிடக்கும் டயர்ப் பட்டைகளில் பல இப்படிப் பிரிந்து விழுந்தவை. சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்றும் நல்ல காற்றுமானி ஒன்றும் வண்டியில் இல்லாமல் காட்டுக்குக் காற்றைக் குறைக்காதீர்கள்.

இனி வாரண்டி கிளெய்ம். எனக்கு இரண்டு அனுபவம்.

முதலாவதில் தவறு என்னுடையது. வலது முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். டயரைக் கழற்றி உள்ளே விரலை ஓட்டிப் பார்த்த பஞ்சர் கடைக்காரர், "இது அடி வாங்கின வீக்கம் அண்ணாச்சி, உள்ள நூலு அறுந்திருக்கு. கம்பெனிக்காரன் ஒத்துக்கிட மாட்டான்" என்றார். தடவிப் பார்த்தேன், அறுந்த நூல் விரலில் தட்டியது. ஓடைப் பாலத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தது ஞாபகம் வந்தது. கிளெய்ம் போடவில்லை. வீக்கம் வேறு, லேசான குழி வேறு. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய குழி, நூல் அடுக்கின் இரு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம். ரேடியல் டயரில் அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

இரண்டாவது வேறு விதம். 21,000 கிலோமீட்டரில் பின் டயர் ஒன்றில் அதிர்வு. வண்டியை ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் தரையில் படும் பாகத்தில் ஓரிடம் மேடு தட்டியிருந்தது. உள்ளே பட்டை பிரிகிறது. கடையில் ஃபாரம் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்த கம்பெனி ஆள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா ஓட்டிருக்கீங்க" என்று சொல்லிக் கிளம்பப் பார்த்தார்.

காற்றுக் குறைந்து ஓடிய டயர் தடயம் வைக்கும். உள்பக்கத்தில் சைடு வாலைச் சுற்றி ஒரு வளையமாகச் சுருக்கம் விழும், ரப்பர் பொடியாக உதிரும், வெளி ஓரங்கள் இரண்டும் நடுவைவிட அதிகம் தேயும். என் டயரில் இந்த மூன்றும் இல்லை. அதை அவரிடமே காட்டினேன். காற்று பார்த்த தேதிகளை எழுதி வைத்திருந்த நோட்டையும் நீட்டினேன். "நிராகரிப்பதென்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டேன். எழுதித் தரவில்லை. டயரை எடுத்துப் போனார்கள். படங்களோடு வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து வாரத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொண்டால் முழு டயர் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். மிச்சமிருக்கும் பள்ளத்துக்குத்தான் பணம். புதிதில் 11 மில்லிமீட்டர், இப்போது 7. தேய்மான எல்லையான 1.6-ஐக் கழித்தால் 9.4-இல் 5.4 மிச்சம், அதாவது 57 சதவீதம். புது டயருக்கு நான் ஏறக்குறைய 3,000 ரூபாய் கொடுத்தேன். கணக்கு நியாயமானது. பள்ளத்தை அளக்கும்போது பக்கத்தில் நின்று நீங்களும் அளந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு மில்லிமீட்டரும் உங்கள் பணம்.

இந்தக் கிளெய்மில் என்னைக் காப்பாற்றியது வாங்கிய அன்று செய்த வேலை. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண், பிறந்த தேதி. 3423 என்றால் 2023-இன் 34-வது வாரம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னையைச் சுற்றியே டயர் ஆலைகள் இருந்தாலும், ஆஃப்ரோடு டயர் சின்ன ஊர்க் கடையில் மெதுவாகத்தான் விற்கும். இரண்டு வருடம் பழைய சரக்கை நீட்டினால் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பில்லில் ஒவ்வொரு டயரின் தொடர் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று ஆசை காட்டுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. மிச்சப்படுத்தும் அந்தத் தொகைக்காக வருடக்கணக்கான வாரண்டியை விட்டுக்கொடுப்பது நட்டம்.

கம்பெனி கைவிரித்தாலும் வழி அடைபடுவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கயத்தாறுக்காரர்களுக்குத் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பழுதைக் கண்டறிய டயரை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் பழைய டயரைத் தூக்கிப் போடாதீர்கள், பஞ்சர் கடையில் விற்றும் விடாதீர்கள்.

அடுத்த செட்டும் அதே அளவில், மூன்று நூல் அடுக்கு ஏ.டி.தான் வாங்குவேன். எம்.டி. நம் கரிசலுக்குத் தேவையில்லை. நீங்கள் சமீபத்தில் டயர் மாற்றியிருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் பில்லை எடுத்து ஒரு படம் பிடித்து வையுங்கள். கடைகளில் தரும் தெர்மல் தாளில் எழுத்து நம் ஊர் வெயிலுக்கு ஒரு வருடத்தில் மங்கிவிடும்.